தூக்கம் வராதவர் சீக்கிரம் படுக்கலாமா?

இரவில் சரியாகத் தூங்கவில்லை என்று வீட்டில் வாய் திறந்தால் போதும், நாலு பக்கமிருந்தும் யோசனை வரும். சூடாகப் பால் குடி, உச்சியில் எண்ணெய் வை, காலைக் கழுவிவிட்டுப் படு. இவற்றால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் எல்லோரும் தவறாமல் சொல்லும் இன்னொன்று உண்டு: “நேத்துதான் தூங்கல, இன்னைக்காவது எட்டரைக்கே போய்ப் படு.” பரிவோடு சொல்வதுதான். மாதக்கணக்கில் தூக்கமின்றித் தவிப்பவருக்கு அதுதான் ஆகாத யோசனை.

நம்மைத் தூங்கவைப்பவை முக்கியமாக இரண்டு. சுவிட்சர்லாந்து ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பேலி 1982-இல் இதைத் தெளிவாக வகுத்துக் காட்டினார். முதலாவது, விழித்திருக்கும் நேரம் கூடக்கூட ஏறும் தூக்க அழுத்தம். அடினோசின் என்ற வேதிப்பொருள் மூளையில் சேர்வது இதற்கு ஒரு முக்கியக் காரணம். இதைப் பசியோடு ஒப்பிடலாம்: நாலு மணிக்கு வயிறு முட்டப் பலகாரம் தின்றவருக்கு இரவுச் சாப்பாடு இறங்காது. பகலில் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு, காலையிலும் எட்டு மணி வரை படுத்திருப்பவருக்கு இரவு பத்து மணிக்குப் போதிய அழுத்தம் சேர்ந்திருக்காது.

இரண்டாவது, உடலின் கடிகாரம். கண்ணிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூளைக்குள் இருக்கும் சிறு நரம்புத் தொகுதி அது. வெளிச்சத்தைப் பார்த்து நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். இதில் பலருக்கும் தெரியாத சங்கதி ஒன்று: வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் இந்தக் கடிகாரம் நம்மை மிகக் கெட்டியாக விழிக்கவைக்கிறது. பதினொன்றுக்குத் தூங்கிப் பழகியவர் எட்டரைக்கே படுத்தால், மூளை முழு விழிப்பில் இருக்கும் வேளையில் போய்ப் படுக்கிறார். தூக்கம் வருவதில்லை. “இன்றைக்கும் வரவில்லையே” என்ற பதற்றம்தான் வருகிறது.

அந்தப் பதற்றம் நாளடைவில் படுக்கையோடு ஒட்டிக்கொள்கிறது. டிவி முன்னால் உட்கார்ந்தபடியே தலை தொங்கத் தூங்கிவிடுபவர், எழுந்து போய்க் கட்டிலில் படுத்ததும் கொட்டக் கொட்ட விழித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சொந்தக் கட்டிலில் வராத தூக்கம் உறவினர் வீட்டில் பாயில் படுத்ததும் சிலருக்கு வந்துவிடுகிறது. புரண்டு புரண்டு படுத்துக் கவலைப்படும் இடம் என்று மூளை அந்தக் கட்டிலைப் பழகிவிட்டதுதான் காரணம்.

தூக்கமின்மையைத் தொடங்கிவைப்பது ஒன்று, தொடரவைப்பது வேறொன்று என்று அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மேன் விளக்கினார். ஒரு மரணம், கடன், பிள்ளையின் தேர்வு, உடம்பு சரியில்லாமல் போவது என எதனாலும் அது தொடங்கலாம். அப்படிச் சில நாள் தூக்கம் கெடுவது இயல்பு, தானாகவே சரியாகும். வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் அது நாள்பட்ட தூக்கமின்மை. அதைத் தாங்கிப் பிடித்திருப்பவை பெரும்பாலும் நாம் செய்யும் ‘பரிகாரங்கள்’: சீக்கிரம் படுப்பது, விடிந்த பிறகும் கிடப்பது, பகலில் ஈடுகட்டுவது.

ஆகவே மருந்தில்லாச் சிகிச்சை இந்தப் பரிகாரங்களைக் கழற்றுவதில் தொடங்குகிறது. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972-இல் வகுத்த விதிகள் இன்றும் பயன்படுகின்றன. கண் சொக்கும்போது மட்டும் படுங்கள். உடல் களைப்பு வேறு, தூக்கக் கலக்கம் வேறு. படுத்துச் சுமார் இருபது நிமிடமாகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்துவிடுங்கள். அந்த இருபதைக் கடிகாரம் பார்த்து எண்ணக் கூடாது, கடிகாரத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைப்பதே நல்லது. மங்கிய வெளிச்சத்தில் சுவாரசியம் குறைந்த எதையாவது செய்யுங்கள், துணி மடிப்பதுகூடப் போதும். கண் சொக்கினால் திரும்பப் படுக்கலாம். மறுபடி வராவிட்டால் மறுபடி எழ வேண்டும். இரவு எப்படிப் போயிருந்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழ வேண்டும், பகல் தூக்கம் கூடாது. ஒரே அறையில் எல்லோரும் படுக்கும் வீட்டில் எங்கே எழுந்து போவது என்ற கேள்வி நியாயமானது. பாயைச் சுருட்டி வைத்துவிட்டுச் சுவரோரம் சாய்ந்து உட்காரலாம். படுத்தபடியே போராடாமல் இருந்தால் சரி.

அடுத்தது, ஸ்பீல்மேனும் சகாக்களும் 1987-இல் வெளியிட்ட முறை. கேட்டவுடன் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். ஒருவர் ஒன்பதரைக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுகிறார். படுக்கையில் எட்டரை மணி நேரம், தூங்கியது ஐந்தரை மணி நேரம். அவர் படுக்கையில் இருக்கும் நேரத்தையே ஐந்தரையாகக் குறைத்துவிடுவார்கள். எழுவது அதே ஆறு மணிக்கு, படுப்பதோ பன்னிரண்டரைக்கு மேல்தான். சில நாளில் தூக்க அழுத்தம் ஏறி, துண்டு துண்டாக இருந்த தூக்கம் ஒட்டிக்கொள்ளும். படுத்திருக்கும் நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்க ஆரம்பித்ததும் வாரத்துக்குக் கால் மணி நேரம் கூட்டிக்கொண்டே போவார்கள். பொதுவாக ஐந்து மணி நேரத்துக்குக் கீழே குறைப்பதில்லை. முதல் இரண்டு வாரம் பகலில் கண் இழுக்கும். வண்டி ஓட்டுபவர்களும் இயந்திரத்தில் வேலை செய்பவர்களும் விஷப்பரீட்சை செய்யக் கூடாது. வலிப்பு நோயோ இருமுனை மனநோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காபியிலுள்ள கஃபீன், அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. அதில் பாதி உடலைவிட்டு நீங்க ஏறக்குறைய ஐந்து மணி நேரமாகும். ஆகவே மாலை ஐந்து மணி டிகாஷன் இரவு பத்துக்கும் வேலை செய்துகொண்டிருக்கும். மதுவால் கண் சீக்கிரம் அசரும், பின்னிரவுத் தூக்கம் சிதையும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெந்நீரில் குளித்தால் தோலுக்கு ரத்தம் பாய்ந்து உள் வெப்பம் வெளியேறும், உடல் குளிரும்போது தூக்கம் வரும். செல்போனின் வெளிச்சத்தைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். எனக்கென்னவோ அதில் வரும் அலுவலகச் செய்தியும் குடும்பக் குழுச் சண்டையும் அதைவிடக் கெடுதலாகத் தெரிகின்றன.

மாத்திரை? நாள்பட்ட தூக்கமின்மை உள்ள பெரியவர்களுக்கு மேலே சொன்ன முறைகள் அடங்கிய உளவியல் சிகிச்சையையே முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. சில வேளைகளில் சில நாளுக்கு மாத்திரை தேவைப்படலாம். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். அல்பிரசோலம் போன்றவற்றைச் சீட்டில்லாமல் மெடிக்கல் ஷாப்பில் விற்பது சட்டப்படி குற்றம். பழகப் பழக வீரியம் போதாமல் போகும், வயதானவர்கள் இரவில் எழும்போது தடுமாறி விழக்கூடும். மாதக்கணக்கில் விழுங்கியவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்திவிட வேண்டாம். சட்டென்று நிறுத்தினால் தூக்கம் முன்னைவிட மோசமாகும், வலிப்புகூட வரலாம். மருத்துவர் சொற்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இந்த முறைகள் மட்டுமே போதாத சிலரும் உண்டு. உரத்த குறட்டையும் நடுவில் மூச்சு நின்று திணறுவதும் இருந்தால் அது மூச்சுத்தடைச் சிக்கலாக இருக்கலாம். தூங்குபவருக்கே தெரியாது, பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல வேண்டும். இரவில் கால்களை அசைக்காமல் இருக்க முடியாத தவிப்புக்கு இரும்புச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம். விடியுமுன் விழிப்பு வந்து, எதிலும் நாட்டமில்லாமல் மனம் கனத்துக் கிடந்தால் மனச்சோர்வுக்கு மருத்துவம் தேவை. மருத்துவரிடம் போகும்போது “தூக்கமே இல்லை” என்று மட்டும் சொல்லாமல், இரண்டு வாரக் கணக்கை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: படுத்த நேரம், ஏறக்குறைய எப்போது தூங்கினோம், எத்தனை முறை விழித்தோம், எப்போது எழுந்தோம், பகலில் எவ்வளவு நேரம் கண்ணயர்ந்தோம், காபி எத்தனை மணிக்கு. கணக்கைக் காலையில் எழுதுங்கள், ராத்திரி விளக்கைப் போட்டு எழுத வேண்டாம்.