பாலை விட்டாலும் அந்த மாத்திரையை விடாதீர்கள்!

"டாக்டரம்மா, நாலு வருஷமா பால், தயிர், நெய் எதையும் தொடறதில்லை. கைக்குத்தல் அரிசி, காய், கீரை, பருப்பு... அவ்வளவுதான். உடம்பு காத்து மாதிரி லேசா இருக்கு!"

திருவள்ளூரிலிருந்து வாரத்துக்கு ஒரு நாள் நான் கும்மிடிப்பூண்டி போய் நோயாளிகளைப் பார்ப்பது வழக்கம். அங்கே வந்த ஒரு பெண் இப்படிச் சொன்னபோது எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. முப்பத்தெட்டு வயது. கணவருக்கு சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனியில் ஷிப்டு வேலை. பிறந்ததிலிருந்தே சைவம். யாரோ நடத்திய முகாமுக்குப் போய்விட்டு வந்து, பாலையும் நிறுத்திவிட்டார். "நாலு பேருக்கு எடுத்துச் சொல்லும்மா" என்று பாராட்டினேன்.

அவர் வந்தது வேறு தொந்தரவுக்கு. உள்ளங்காலில் ஊசி குத்துவது போல ஒரு சுருக், சுருக். நாடி பார்த்தேன். வாதம் என்று முடிவு கட்டினேன். தைலமும் சூரணமும் கொடுத்து அனுப்பினேன். ஆறு வாரம் ஓடியது.

மறுபடி வந்தவர் சொன்னார்: "ஸ்டேஷன் படிக்கட்டுல ஏறிட்டிருந்தேன். ஒரு கால் செருப்பு கழண்டு விழுந்திருக்கு. எனக்குத் தெரியவே இல்லை. பின்னால வந்தவங்க கூப்பிட்டுச் சொன்னாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். வைட்டமின் பி12 அடிமட்டத்தில் இருந்தது. உடனே நரம்பியல் நிபுணரிடம் அனுப்பினேன். ஊசி போட்டார்கள். மாதக்கணக்கில் மெள்ள மெள்ளத் தேறினார். ஆனால் கால் விரல் நுனிகளில் மரமரப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. "நீங்க முதல் தடவையே கேட்டிருந்தா இன்னும் சீக்கிரம் பார்த்திருக்கலாமே டாக்டரம்மா" என்றார் அவர் கணவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குப் பதில் இல்லை.

அந்த ஆறு வாரம் என் தவறு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இது என்ன உணவு?

இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்ல. பால், தயிர், நெய், தேன் உட்பட உயிரினத்திடமிருந்து வரும் எதையும் தொடாமல் இருப்பதுதான் 'வீகன்' முறை. இந்தச் சொல் 1944-ல் இங்கிலாந்தில் பிறந்தது. 'மேக்ரோபயாடிக்' என்பது ஜப்பானில் உருவாகி, ஜார்ஜ் ஓசாவா என்பவர் உலகமெல்லாம் பரப்பியது. தட்டில் பாதிக்கு மேல் தீட்டாத தானியம், கால் பங்குக்குக் காய்கறி, கொஞ்சம் பருப்பு, கடல்பாசி, புளிக்கவைத்த சோயா சூப். நன்றாக மென்று தின்ன வேண்டும். அந்தந்த ஊரில், அந்தந்தப் பருவத்தில் விளைவதைச் சாப்பிட வேண்டும்.

கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? எனக்கும் இதில் பாதிக்கு மேல் சம்மதம்தான். மைதா, சர்க்கரை, பாக்கெட் நொறுக்குத்தீனி எல்லாம் ஒழிந்தால் வயிறும் எடையும் சீராகும். ஆனால் இரண்டு விஷயத்தை யோசியுங்கள்.

ஒன்று, 'ஊரில் விளைவதைச் சாப்பிடு' என்று சொல்லும் உணவுமுறைக்காக, ஜப்பான் சோயா விழுதையும் கடல்பாசியையும் நூற்றுக்கணக்கில் ரூபாய் கொடுத்து வாங்குவது வேடிக்கை இல்லையா? பொன்னேரியில் நெல் விளைகிறது. ஆடி மாசம் மாரியம்மன் கோயிலில் கேழ்வரகுக் கூழ் ஊற்றுகிறார்கள். அதுதான் நம் மேக்ரோபயாடிக்!

இரண்டு, பாதித் தட்டு தானியம் என்பது ரொட்டியோடு இறைச்சியைக் குவித்துத் தின்றவர்களுக்குப் பெரிய மாற்றம். நம் தட்டிலோ ஏற்கெனவே முக்கால் பங்கு சோறு! நமக்குக் குறைவது தானியம் அல்ல, பருப்பும் காயும்தான். கைக்குத்தல் அரிசி ஆனாலும் அரிசி அரிசிதான். சர்க்கரைக்காரர்கள் அளவைக் கூட்டிவிட வேண்டாம்.

காந்திஜி தேடிய பதில்

பாலை விட்டவர்களில் நமக்கு நன்றாகத் தெரிந்தவர் காந்திஜி. 1912-ல், தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோது பாலை நிறுத்தினார். பழமும் நிலக்கடலையுமாகச் சில வருடம் ஓட்டினார். 1918-ல் குஜராத்தின் கேடா பகுதியில் வேலை செய்துகொண்டிருந்தபோது கடுமையான சீதபேதி வந்து, பிழைப்பாரா என்ற நிலைமை. பால் குடித்தால்தான் உடம்பு தேறும் என்றார் டாக்டர். விரதம் இருக்கிறதே என்று இவர் மறுத்தார். "விரதம் எடுத்தபோது பசுவையும் எருமையையும்தானே நினைத்தீர்கள், ஆட்டுப்பால் குடிக்கலாமே" என்ற வழியைக் காட்டியவர் கஸ்தூர்பா. குடித்தார், தேறினார். ஆனால் அது அவர் மனசைக் கடைசிவரை உறுத்தியது. பாலுக்கு ஈடான தாவர உணவை யாராவது கண்டுபிடித்துச் சொல்ல மாட்டார்களா என்று சுயசரிதையிலேயே கேட்டார்.

அவருக்கு வந்தது சீதபேதி. பி12 குறைவு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் தேடிய பதிலில் முக்கியமான ஒரு துண்டு, விஞ்ஞானிகள் கையில் கிடைத்த வருடம் 1948. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பி12-ஐத் தனியாகப் பிரித்தெடுத்த வருடம். அதே வருட ஜனவரியில்தான் காந்திஜி நம்மை விட்டுப் போனார்.

இந்தச் சத்தைச் செடியும் தயாரிப்பதில்லை, பசுவும் தயாரிப்பதில்லை. நுண்ணுயிரிகள்தான் தயாரிக்கின்றன. பசுவின் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிரி தயாரித்து, பால் வழியாக நமக்கு வருகிறது. இறைச்சி, மீன், முட்டையிலும் இருக்கிறது. மாத்திரையில் இருப்பதும் நுண்ணுயிரிகளை வளர்த்து எடுத்ததுதான். ஆக, மாத்திரை விழுங்கினால் கொள்கைக்குக் குறைவில்லை. ஜெலட்டின் உறை போட்ட காப்ஸ்யூலா என்று மட்டும் மருந்துக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலூர் சொன்ன பாடம்

"நம்ம முன்னோர்கள் மாத்திரையா சாப்பிட்டாங்க?" என்று கேட்பீர்கள். நம் முன்னோர்கள் மோர் சாப்பிட்டார்கள்! தேரையர் 'பிணியணுகா விதி'யில் மோரைப் பெருக்கியும் நெய்யை உருக்கியும் உண்ணச் சொல்கிறார். சித்த மருத்துவம் ஒருநாளும் பாலை ஒதுக்கியதில்லை. பாலை ஒதுக்குவது புது வழி. புது வழிக்குப் புதுத் துணை வேண்டும்.

நம் பக்கத்து வேலூரில், சி.எம்.சி. மருத்துவமனை டாக்டர்கள் 1962-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தாய்ப்பால் மட்டுமே குடித்து வளர்ந்த சில குழந்தைகள் சோர்ந்து கிடந்தன, கற்றுக்கொண்ட வளர்ச்சி பின்னோக்கிப் போயிற்று, தோல் கருத்தது, கைகால்கள் தாமாக நடுங்கின. காரணம், தாயின் உணவில் பி12 இல்லை. அதனால் தாய்ப்பாலிலும் இல்லை. பி12 கொடுத்ததும் குழந்தைகள் தேறின.

அதே வேலூரில் 1980-ல் இன்னொரு ஆராய்ச்சி. நம் சிறுகுடலில் இருக்கும் சில நுண்ணுயிரிகளும் பி12 தயாரிக்கின்றன என்று கண்டார்கள். இதைப் பிடித்துக்கொண்டு, "குடலே தயாரிச்சுக்கும்" என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பி உட்கார முடியாது. அது எல்லோருக்கும் போதுமானதாக இருந்தால், அந்தத் தாய்மார்களுக்கு ஏன் குறைந்தது?

பழைய சோறு, கடல்பாசி, ஸ்பைருலினா என்று எதைச் சொன்னாலும் இதே பதில்தான். பாசியில் இருப்பதில் பெரும்பகுதி உடம்பு பயன்படுத்த முடியாத போலி வடிவம். பழைய சோறு வயிற்றுக்கு நல்லது, தினமும் சாப்பிடுங்கள். பி12-க்காகச் சாப்பிடாதீர்கள்.

இன்னொரு சூட்சுமம். பி12-ஐ ஈரல் வருடக்கணக்கில் சேமித்து வைத்திருக்கும். அதனால் பாலை விட்ட முதல் இரண்டு வருடம் ஒன்றும் தெரியாது. 'காத்து மாதிரி' இருக்கும். கீரை நிறையச் சாப்பிடுவதால் ஃபோலிக் அமிலம் கூடி, ரத்தசோகையும் வெளியே தெரியாமல் போகலாம். உள்ளே நரம்பு மட்டும் சத்தமில்லாமல் கெடும். நான் ஏமாந்தது இப்படித்தான்.

எப்படி மாறுவது?

ஒரே நாளில் மாறாதீர்கள். மூன்று மாதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் மாதம்: ஆரம்பிக்கும் முன்பே ரத்தத்தில் ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி மூன்றையும் பாருங்கள். பி12 மாத்திரையை முதல் நாளே தொடங்குங்கள். இங்கிலாந்தின் வீகன் சங்கமே தன் உறுப்பினர்களுக்கு, தினம் குறைந்தது 10 மைக்ரோகிராம் அல்லது வாரம் 2,000 மைக்ரோகிராம் என்று சொல்கிறது. ஏற்கெனவே குறைந்திருந்தால் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சாதத்தில் பாதிக்குப் பாதி கைக்குத்தல் அரிசி கலந்து, நன்றாக ஊறவைத்துச் சமையுங்கள். அது வயிற்றுக்கு ஒத்துவராதவர்கள் புழுங்கலரிசியே சாப்பிடலாம். நெல்லைப் புழுக்கும்போது உமி, தவிட்டில் உள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடும். அந்தக் காலத்தில் ஆந்திரக் கடலோரத்தில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்டவர்களை பெரிபெரி வாட்டியது. புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழ் ஜில்லாக்கள் தப்பித்தன.

இரண்டாவது மாதம்: காப்பி, டீயில் பாலை நிறுத்துங்கள். சுக்குக் காப்பி இருக்கவே இருக்கிறது. தயிருக்குப் பதில் நிலக்கடலைப் பாலை மிளகாய்க் காம்பு போட்டுத் தோய்க்கலாம். ஆனால் தேங்காய்ப் பாலும் கடலைப் பாலும் பெயரில்தான் பால். பசும்பாலின் கால்சியம் அவற்றில் கிடையாது. பெரியவர்களுக்கு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வரையறுத்தது. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது. எள் அதைவிடப் பல மடங்கு. அகத்தி, முருங்கைக் கீரையும் கைகொடுக்கும். தினம் ஒரு வேளை கேழ்வரகு, இரண்டு ஸ்பூன் எள்ளுப்பொடி, கீரை, இதை விடாதீர்கள். கீரையோடு எலுமிச்சை பிழியுங்கள். இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்டவுடன் டீ வேண்டாம்.

மூன்றாவது மாதம்: கடைசியாக மோரையும் நெய்யையும் விடுங்கள். வேளைக்கு ஒரு கிண்ணம் பருப்பு, பயறு, சுண்டல் என்று ஏதாவது ஒன்று கட்டாயம். இந்துப்புக்கு மாறிவிட்டவர்கள் அயோடின் உப்புக்கே திரும்புங்கள். பாலும் மீனும் இல்லாத சாப்பாட்டில் அயோடினுக்கு அதுதான் வழி.

ஷிப்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: ராத்திரி வேலை, பகலில் தூக்கம் என்றால் வெயிலே படாது. வைட்டமின் டி குறையும். வாரம் நாலு நாளாவது பகலில் கொஞ்ச நேரம் வெயில் படும்படி நடங்கள். கேன்டீனில் தயிர் சாதத்தைத் தவிர்த்துவிட்டு வெறும் சாம்பார் சாதத்தோடு எழுந்துவிடாதீர்கள். வீட்டிலிருந்து ஒரு டப்பா சுண்டலோ வறுத்த கடலையோ கொண்டுபோங்கள்.

சித்த மருந்து சாப்பிடுகிறவர்கள், மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சங்கு பற்பம், முத்துச்சிப்பி பற்பம், பவள பற்பம் எல்லாம் உயிரினத்திலிருந்து வருபவை. அனுபானமாகப் பால், நெய், தேன் சொல்வோம். வெந்நீர், இஞ்சிச்சாறு என்று மாற்றிக் கொடுக்க முடிகிற இடங்கள் உண்டு. நீங்களாக மாற்றாதீர்கள்.

குடும்பத்துக்கே சட்டம் போடாதீர்கள்

இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். உங்கள் கொள்கை உங்களுடையது. கைக்குழந்தை, வளரும் பிள்ளை, கர்ப்பிணி மகள், பால் கொடுக்கும் மருமகள், எழுபது வயது மாமியார்... இவர்கள் தட்டிலிருந்து தயிரை நீங்களாக எடுக்காதீர்கள். ஹாலந்து நாட்டில் 1980-களில் மேக்ரோபயாடிக் குடும்பங்களின் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். வளர்ச்சி பின்தங்கியது, எலும்பு மெலிந்து வளையும் ரிக்கெட்ஸ், பி12 குறைவு எல்லாம் கண்டார்கள். பெற்றோர் ஏழைகளும் அல்ல, அக்கறை இல்லாதவர்களும் அல்ல. அக்கறை அதிகமாகிப் போனதால் வந்த வினை! சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும், நெஞ்செரிச்சல் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 உடம்பில் சேருவது ஏற்கெனவே குறைவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கீரையையும் பருப்பையும் கூட்டக் கூடாது.

"ஒரு சித்த வைத்தியரே மாத்திரை சாப்பிடச் சொல்றாரே!" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பாளையங்கோட்டையில் படித்த காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். நோயாளியின் கால் மரத்துப்போவதைப் பார்த்த பிறகு அந்த வீம்பு எனக்கு இல்லை. ஓலைச்சுவடியில் இல்லாத ஒன்றை ரத்தப் பரிசோதனை காட்டினால், பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தப் பெண் இன்றைக்கும் பாலைத் தொடுவதில்லை. கொள்கையை விட்டுவிடுங்கள் என்று நானும் சொல்லவில்லை. மாத்திரை சாப்பிடுகிறார், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்க்கிறார். இப்போதெல்லாம் என்னிடம் வரும் யாராக இருந்தாலும், நாடியைப் பிடிக்கும் முன்பே நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வீட்டுல பால் வாங்கறீங்களா?"