இணையத்தின் சாய்தளம்

அமெரிக்காவின் பெர்க்லி நகரில், 1970களின் தொடக்கத்தில், சக்கர நாற்காலியில் சென்றுவந்த மாணவர்கள் ஒரு கோரிக்கையை முன்வைத்தனர். சாலையைக் கடக்கும் இடங்களில் நடைபாதையின் விளிம்பு செங்குத்தாக நிற்பதால் தங்களால் ஏறவோ இறங்கவோ இயலவில்லை. அவ்விடங்களைச் சாய்வாக அமைத்துத் தர வேண்டும் என்பதே அது. சாய்தளங்கள் அமைந்தபின், அவற்றை நாடி வந்தோர் சக்கர நாற்காலியினர் மட்டுமல்லர். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துச் செல்லும் தாயும், சுமை வண்டி தள்ளும் தொழிலாளியும், கைத்தடி ஊன்றிய முதியவரும் அவ்வழியையே தேர்ந்தனர்.

இணையத்துக்கும் இத்தகைய சாய்தளங்கள் உண்டு. வலைப்பக்கத்தை எவரும் பயன்படுத்தும் வண்ணம் அமைப்பதற்கான வழிகாட்டு நெறிகளை உலகளாவிய வலைச் சேர்த்தியம் 1999ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. எனினும், அவை 'மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகை' என்னும் எண்ணம் இன்றும் நீங்கியபாடில்லை. அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதற்கு நாள்தோறும் காணும் ஒரு காட்சியே போதும்.

கல்வி உதவித்தொகைக்கான அறிவிப்பு ஒன்று ஓர் இணையதளத்தில் வெளியாகிறது எனக் கொள்வோம். அச்சிட்ட தாளை வருடியில் வைத்துப் படமெடுத்து, அப்படத்தை அப்படியே ஏற்றிவிடுகின்றனர். பார்வையற்ற மாணவி ஒருவர் திரைபடிப்பான் என்னும் மென்பொருளைக் கொண்டு அதைத் திறக்கிறார். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக மாற்றித் தருவது அம்மென்பொருள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் ஒருவர் 2006இல் உருவாக்கத் தொடங்கிய என்.வி.டி.ஏ. அவ்வகையில் புகழ்பெற்றது, விலையின்றிக் கிடைப்பது, தமிழையும் படிப்பது. ஆயினும் அந்த அறிவிப்பின்முன் அது வாய் திறப்பதில்லை. படத்தில் எழுத்து இருப்பதாகக் கணினிக்குத் தெரியாது. விண்ணப்பிக்க இறுதி நாள் எது என்பதை அம்மாணவி வேறொருவரைக் கேட்டே அறிய வேண்டியிருக்கிறது.

பார்வையுள்ள மாணவருக்கு மட்டும் அந்த அறிவிப்பு எளிதில் கிட்டிவிடுகிறதா? தேடுபொறியும் எழுத்தைப் படித்தே பக்கத்தைக் கண்டறிகிறது. படமாகிப்போன அறிவிப்பு தேடலில் அகப்படுவது அரிது. திறன்பேசியில் பெரிதாக்கினால் எழுத்து மங்குகிறது. வரியின் ஒரு முனை திரைக்கு வெளியே ஓடுகிறது. அலைவரிசை வலுவற்ற சிற்றூரில் படம் இறங்கி முடிவதற்குள் பொறுமை தீர்ந்துவிடும். தேவையான ஒரு வரியை நகலெடுத்துத் தோழருக்கு அனுப்பவும் வழியில்லை. அதே அறிவிப்பை எழுத்தாகவே தட்டச்சிட்டு, தலைப்பைத் தலைப்பென்றும் அட்டவணையை அட்டவணையென்றும் கணினிக்கு உணர்த்தியிருந்தால், இத்துணை இடர்களும் ஒருசேர நீங்கியிருக்கும்.

தமிழர்களுக்கு இப்பாடம் புதிதன்று. ஒருங்குறி பரவுவதற்கு முன், தமிழ் எழுத்துருக்கள் பலவும் தத்தமக்கென ஒரு குறியாக்கத்தைக் கொண்டிருந்தன. அவற்றுள் பலவற்றில், திரையில் 'அ' எனத் தோன்றுவது கணினிக்கு ஏதோ ஓர் ஆங்கில எழுத்தாகவோ குறியாகவோ இருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கட்டுரை முழுவதும் பொருளற்ற குறிகளாகச் சிதறும். திரைபடிப்பான் அச்சிதறலையே ஒப்பிக்கும். தமிழக அரசு 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. இன்று பார்வையற்றவர் தமிழ் நாளிதழைச் செவிவழிப் படிக்க முடிவதும், பிறர் தமிழிலேயே தேடிப் பெறுவதும் ஒரே மாற்றத்தின் இரு பயன்கள். பழைய எழுத்துருக்களில் உறைந்து கிடக்கும் ஆவணங்கள் இன்னும் உள என்பது வேறு கவலை.

பிற நெறிகளும் இத்தன்மையவே. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்பது பார்வைக் குறைபாடு உடையோரைக் கருதி வகுத்த விதி; உச்சி வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று திறன்பேசியைப் பார்ப்பவருக்கும் அதுவே துணை. செவித்திறன் குறைந்தோருக்கான காணொளி வரிகளை இரைச்சல் மிகுந்த தொடர்வண்டியில் அமர்ந்திருப்பவரும் படிக்கிறார்.

இதற்கெல்லாம் பொருட்செலவு மிகும் என்பர் சிலர். கட்டி முடித்த வீட்டை இடித்துச் சாய்தளம் அமைத்தால் செலவுதான். வரைபடத்திலேயே அதற்கு இடம் ஒதுக்கினால் செலவு சிறிது. பயனடைவோர் சிலரே என்னும் வாதமும் நிற்காது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2.68 கோடிப் பேர்.

எனினும், 'எல்லாருக்கும் பயன்' என்பதையே ஒரே காரணமாகக் காட்டுவதில் ஓர் ஆபத்து உண்டு. பிறருக்குப் பயன்படாத ஏற்பாட்டைத் தவிர்த்துவிடலாம் என்னும் முடிவுக்கு அது இடந்தரும். இணையவழி அடையாளச் சரிபார்ப்பில் ஒளிப்படக் கருவியின்முன் கண்களைச் சிமிட்டுமாறு கேட்கப்படுகிறது. அமில வீச்சினால் கண்கள் சிதைந்தோர் எவ்வாறு சிமிட்டுவர்? அத்தகையோர் தொடுத்த வழக்கில், எண்மச் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு வழங்கும் வாழ்வுரிமையின் கூறு என உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. ஊராருக்குப் பயன் உண்டா என்று கேட்டு அளந்து தருவதன்று உரிமை.

ஓர் இணையதளம் எந்நிலையில் உள்ளது என்பதை மாணவரும் சோதித்தறியலாம். சுட்டியைக் கையால் தொடாமல், விசைப்பலகையின் டேப் விசையை மட்டும் அழுத்தி அழுத்தி நகர வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் வரிசையாகத் தொட்டு, இறுதியில் 'சமர்ப்பி' என்னும் பொத்தானைச் சென்றடைய முடிகிறதா என்று பார்க்க வேண்டும். கை நடுக்கத்தால் சுட்டியைப் பிடிக்க இயலாதவர் அவ்வழியேதான் விண்ணப்பத்தை நிரப்புகிறார். சுட்டி பழுதுபட்ட நாளில் கணினி மையத்துக்காரரும் அவ்வழியேதான் வேலையை முடிக்கிறார்.