கப்பல் பெருத்தது, கிரேன் காலை அறுத்தார்கள்!

பையன் வளர்ந்துவிட்டான், பேன்ட் எட்டவில்லை. புதுசு எடுப்பதா, மடிப்பைப் பிரித்து இறக்கினால் போதுமா? வீட்டில் நடக்கும் இந்தப் பஞ்சாயத்து துறைமுகங்களிலும் நடக்கிறது!

அமெரிக்காவில், சான்பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் ஓக்லண்ட் துறைமுகம் இருக்கிறது. 2015 டிசம்பர் 31-ந்தேதி 'பெஞ்சமின் பிராங்ளின்' என்ற சரக்குக் கப்பல் அங்கே வந்து நின்றது. நீளம் 399 மீட்டர். 20 அடிப் பெட்டிக் கணக்கில் 18 ஆயிரம் பெட்டி ஏற்றலாம். அம்மாடி!

கப்பல் பெருத்தால் மேல்தளத்தில் கன்டெய்னர்கள் மாடி மாடியாக ஏறும். கிரேனின் கை அந்த உச்சிப் பெட்டிக்கும் மேலே இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் தூக்குவது எப்படி?

27 அடி உயர்ந்தது

பழைய கிரேனை உடைத்துப் போடவில்லை. ஜாக்கி வைத்து அப்படியே தூக்கினார்கள். காலை அறுத்து, நடுவில் புது இரும்புத் துண்டைச் சொருகி வெல்டிங் செய்தார்கள். 4 கிரேன்கள், தலா 27 அடி உயரம் கூடின. செலவு சுமார் 1 கோடியே 40 லட்சம் டாலர். அதாவது ஒன்றுக்கு 35 லட்சம்.

பிற்பாடு அதே துறைமுகத்துக்கு 3 புது கிரேன்கள் வந்தன. விலை சுமார் 3 கோடி டாலர். ஒன்றுக்கு ஒரு கோடி! ஆக, காலை உயர்த்துவது மூன்றில் ஒரு பங்கு செலவுதான்.

லாபம்தானே என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். உயரம் கூடினால் கிரேனின் எடை கூடும், காற்றும் பலமாக மோதும். கீழே உள்ள தண்டவாளமும் கரைச்சுவரும் அதைத் தாங்க வேண்டும். கப்பலின் அகலமும் கூடினால் கை எட்டாது. கையை நீட்டுவது தனி வேலை. கடலில் ஆழம் இல்லாவிட்டால் கப்பலே உள்ளே வராது.

நமக்கென்ன?

சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் 1983-ல் திறக்கப்பட்டது. இன்றும் நம்ம ஊர்ச் சரக்கில் ஒரு பகுதி கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறித்தான் வெளிநாடு போகிறது. இரண்டு தடவை ஏற்றி இறக்கும் கூலி எங்கே போகும்? சரக்கின் விலையில்தான் ஏறும்.

கிரேன் மட்டும் வளர்ந்தாலும் பிரயோஜனமில்லை. இறக்கிய பெட்டி வெளியேற வழி வேண்டாமா? எண்ணூர் ரோட்டில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் நின்ற நாட்களை வடசென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மடிப்பைப் பிரிப்பது சிக்கனம்தான். ஆனால் உயரத்தோடு இடுப்பும் பெருத்தால், தையல்காரர் என்ன செய்வார்?