காலில் படாத பெயர்

ஹாலிவுட் நடைபாதையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பிரபலத்தின் பெயர். சுற்றுலாப் பயணிகள் அவற்றின் மேல் நடக்கிறார்கள், ஐஸ்கிரீம் சிந்துகிறார்கள், நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே ஒரு நட்சத்திரம் மட்டும் தரையில் இல்லை. பக்கத்துக் கட்டடத்தின் சுவரில் இருக்கிறது. 2002-ல் அந்த நட்சத்திரம் வழங்கப்பட்டபோது முகமது அலி ஒரு நிபந்தனை வைத்தார். இது நபிகள் நாயகத்தின் பெயர், இதை யாரும் மிதிக்கக் கூடாது என்றார். அமைப்பாளர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

தமிழில் 'பேர் வாங்குவது' என்றால் புகழ் சம்பாதிப்பது. 'பேரைக் கெடுத்துக்கொள்வது' என்றால் அதைத் தொலைப்பது. அலி 22 வயதுக்குள் முதல் காரியத்தைச் செய்து முடித்துவிட்டார். அதன் பிறகு அவர் செய்தது இரண்டாவது காரியம் என்றுதான் அன்றைய அமெரிக்கா நினைத்தது.

1942-ல் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் பிறந்தபோது அவருக்கு வைத்த பெயர் காஷியஸ் மார்செல்லஸ் கிளே. 1960-ல் ரோம் ஒலிம்பிக்ஸில் தங்கப் பதக்கம் வென்றார். 1964 பிப்ரவரி 25 அன்று மயாமி பீச்சில் சன்னி லிஸ்டனைத் தோற்கடித்து உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். விளம்பர ஒப்பந்தங்களும் சினிமா வாய்ப்புகளும் வாசலில் வந்து நிற்க வேண்டிய நேரம். மறுநாள் பத்திரிகையாளர்கள் கேட்டபோது, தான் இஸ்லாமை ஏற்றுக்கொண்டிருப்பதை உறுதி செய்தார். சில நாட்களில் 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' இயக்கத்தின் தலைவர் எலிஜா முகமது அவருக்குப் புதுப் பெயர் சூட்டினார்.

பழைய பெயரை அடிமைப் பெயர் என்று அலி ஒதுக்கினார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. காஷியஸ் கிளே என்பது 19-ம் நூற்றாண்டில் அடிமை முறையை எதிர்த்த ஒரு வெள்ளைக்காரரின் பெயர். நல்லவர் பெயர்தான். ஆனாலும் இரவல் பெயர். ஒலிம்பிக் பதக்கத்தோடு ஊர் திரும்பிய பிறகும், கறுப்பர்களுக்கு உணவு பரிமாறாத ஓட்டல்கள் லூயிவில்லில் இருந்தன. உலகத்தை வென்றவனுக்குச் சொந்த ஊரில் உட்கார நாற்காலி இல்லை என்றால், வெற்றி தரும் மரியாதை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அந்த இளைஞர் அங்கேயே தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

வட இந்தியத் தெருக்களில் தினமும் காதில் விழும் சொல் 'இஸ்ஸத்'. மானம், மரியாதை, கௌரவம் எல்லாம் அதற்குள் அடங்கும். அரபு மூலத்தில் அதற்கு வலிமை என்ற பொருளும் உண்டு. இந்த வலிமை எங்கிருந்து வருகிறது என்பதற்கு இஸ்லாமிய மரபில் ஒரு கதை சொல்வார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஜெருசலேம் சரணடைந்தபோது கலீஃபா உமர் ஒட்டுப் போட்ட உடையில், ஒட்டகத்தைத் தாமே இழுத்துக்கொண்டு, சேற்றில் காலை வைத்து நடந்து வந்தார். தளபதி அபூ உபைதாவுக்குக் கூச்சம். இந்தக் கோலத்தில் ஊர் மக்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றார். நமக்கு மரியாதை கிடைத்தது இஸ்லாமால்தான், அதை வேறு இடத்தில் தேடினால் இறைவன் நம்மைத் தாழ்த்திவிடுவான் என்று உமர் கடிந்துகொண்டாராம். அன்று அவர் ஒரு பேரரசின் தலைவர். பட்டு உடுத்த வசதி இல்லாதவர் அல்ல.

அலியின் ஒட்டுப் போட்ட உடை 1967-ல் வந்தது. வியட்நாம் போர் உச்சத்தில் இருந்தது. ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டன் நகரில் ராணுவ ஆள்சேர்ப்பு நடந்தது. பழைய பெயரைச் சொல்லி அழைத்தார்கள். ஓர் அடி முன்னால் வைத்தால் ராணுவத்தில் சேர்ந்ததாக அர்த்தம். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். தன் மதம் இந்தப் போரில் சேர அனுமதிக்கவில்லை என்பது அவர் சொன்ன காரணம். அன்றே நியூ யார்க் குத்துச்சண்டை ஆணையம் அவர் உரிமத்தை நிறுத்தியது. சாம்பியன் பட்டமும் பறிபோனது. ஜூன் 20 அன்று தீர்ப்பு வந்தது: ஐந்து ஆண்டு சிறை, 10,000 டாலர் அபராதம். மேல்முறையீடு செய்து வெளியே இருந்தார். ஆனால் பாஸ்போர்ட் இல்லை. வெளிநாட்டிலும் போய்ச் சண்டை போட முடியாது.

முன்னாள் சாம்பியன் ஜோ லூயி இரண்டாம் உலகப் போரில் சீருடை அணிந்து, வீரர்களுக்காகக் காட்சிப் போட்டிகளில் ஆடியவர். அலிக்கும் பெரும்பாலும் அதுதான் நடந்திருக்கும். துப்பாக்கியே தூக்காமல், பட்டமும் போகாமல் இரண்டு வருடத்தை ஓட்டியிருக்கலாம். அதையும் அவர் ஏற்கவில்லை. 25 வயதிலிருந்து 28 வயது வரை, ஒரு குத்துச்சண்டை வீரனின் உடல் உச்சத்தில் இருக்கும் காலம், மேடை ஏறாமலே போயிற்று. கல்லூரி கல்லூரியாகப் பேசி, கிடைத்த பணத்தில் குடும்பம் நடத்தினார். 1971 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் 8-0 என்ற கணக்கில் தண்டனையை ரத்து செய்தது. அவருடைய விலக்குக் கோரிக்கை எந்தக் காரணத்துக்காக நிராகரிக்கப்பட்டது என்பதை மேல்முறையீட்டு வாரியம் சொல்லவில்லை என்ற சட்ட நுணுக்கம்தான் அவரைக் காப்பாற்றியது. ஆனால் ஒன்றை அரசுத் தரப்பே அந்த நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அவருடைய நம்பிக்கை மதத்தில் வேரூன்றியது, உண்மையானது.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அலி ஒரு மகானாகிவிடுவார். அவர் அப்படி இல்லை. புதுப் பெயரைச் சொல்ல மறுத்த எர்னி டெரலை 1967 பிப்ரவரியில் 15 சுற்று வதைத்தார். "என் பெயர் என்ன?" என்று கத்திக்கொண்டே அடித்தார். பெயருக்கு அது மரியாதை சேர்க்கவில்லை. தடைக்காலத்தில் தனக்கு ஆதரவாக இருந்த ஜோ ஃப்ரேசியரைப் பின்னாளில் கொரில்லா என்று கேலி செய்தார். அவரை இஸ்லாமின் பக்கம் அழைத்து வந்தவர்களில் முக்கியமானவர் மால்கம் எக்ஸ். இயக்கத்தை விட்டு விலகி ஹஜ் முடித்துத் திரும்பும் வழியில், 1964-ல் கானாவில் அலியை எதிரே பார்த்தார் மால்கம். அலி முகம் திருப்பிக்கொண்டார். அடுத்த ஆண்டு மால்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். வாழ்க்கையில் மிகவும் வருந்தும் தவறுகளில் அது ஒன்று என்று 2004-ல் வெளியான நூலில் அலி எழுதினார்.

இயக்கமும் அவரிடம் கருணை காட்டவில்லை. வெள்ளையர்களைப் பிசாசுகள் என்று போதித்த அந்த இயக்கத்தை உலக முஸ்லிம்களில் பெரும்பாலோர் இஸ்லாம் என்றே ஏற்கவில்லை. தடைக்காலத்தின் நடுவே, பணத்துக்காக மறுபடி சண்டைக்குப் போகத் தயார் என்று அலி தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார். உடனே எலிஜா முகமது 1969-ல் அவரை விலக்கி வைத்ததோடு, கொடுத்த பெயரையும் திரும்பப் பெற்றுக்கொண்டதாக அறிவித்தார். அரசு பட்டத்தைப் பறித்தது, இயக்கம் பெயரைப் பறித்தது. அலி பெயரை விடவில்லை. இயக்கம் கொடுத்தது என்பதைத் தாண்டி அது எங்கிருந்து வந்தது என்பதை அவர் புரிந்துகொண்டது இங்குதான் என்று கொள்ளலாம். 1972-ல் ஹஜ் சென்றார். 1975-ல் எலிஜா இறந்ததும் அவர் மகன் இயக்கத்தை சுன்னி இஸ்லாமுக்குத் திருப்ப, அலியும் அந்த வழியில் போனார். கடைசிக் காலத்தில் அவரை ஈர்த்தவர் பரோடாவில் பிறந்து மேல்நாடுகளில் சூஃபி ஞானம் பரப்பிய ஹஸ்ரத் இனாயத் கான். டெல்லி நிஜாமுதீனில் அவர் தர்கா இருக்கிறது.

சென்னைக்கும் அலியைத் தெரியும். 1980 தொடக்கத்தில் நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். முதல்வர் எம்.ஜி.ஆர். வரவேற்றார். அந்த இந்தியப் பயணத்தின்போதுதான், மாஸ்கோ ஒலிம்பிக்ஸைப் புறக்கணிக்கும்படி ஆப்பிரிக்க நாடுகளைக் கேட்க அதிபர் கார்ட்டர் அவரைத் தூது அனுப்பினார். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிய அதே அரசு.

பெயர் மாற்றமும் மானமும் சேர்ந்து வந்த ஒரு நிகழ்ச்சி அடுத்த ஆண்டு தமிழ்நாட்டிலேயே நடந்தது. 1981 பிப்ரவரியில், இன்றைய தென்காசி மாவட்டத்தில் இருக்கும் மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தலித் குடும்பங்கள் இஸ்லாமுக்கு மாறின. ஊர் ரஹ்மத் நகர் ஆனது. வளைகுடாப் பணம்தான் காரணம் என்று டெல்லி வரை குரல் எழுந்தது. மாறியவர்கள் பேசியது சாதி இழிவைப் பற்றி. மானத்துக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரின் மொழியில் இதைப் புரிந்துகொள்வது கஷ்டமாக இருந்திருக்கக் கூடாது. பணம் இல்லாதவன் பணத்தைத்தான் தேடுவான் என்று முடிவு கட்டுவது, பணம் இருப்பவர்களின் கற்பனை.

அலிக்குப் பணமும் பட்டமும் திரும்பக் கிடைத்தன. 1974-ல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனை வீழ்த்தி மீண்டும் சாம்பியன் ஆனார். ஆனால் எப்போது நிறுத்துவது என்று தெரியவில்லை. ஓய்வு பெற்றவர் 1980 அக்டோபரில் திரும்பி வந்து லாரி ஹோம்ஸிடம் பத்து சுற்று அடி வாங்கினார். 1981-ல் கடைசிச் சண்டையிலும் தோல்வி. 1984-ல் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. வாய் ஓயாமல் பேசியவரின் பேச்சு குழறியது, கை நடுங்கியது. அந்தக் கையால் இஸ்லாமியத் துண்டுப் பிரசுரங்களில் மணிக்கணக்கில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். 1990-ல் பாக்தாத் போய் 15 அமெரிக்கப் பிணைக் கைதிகளை அழைத்து வந்தார். 1996-ல் அட்லாண்டாவில் நடுங்கும் கையோடு ஒலிம்பிக் சுடர் ஏற்றியபோது உலகம் எழுந்து நின்றது. பட்டம் இல்லை, பலம் இல்லை, பேச்சும் இல்லை. மரியாதை இருந்தது.

2016 ஜூன் 3 அன்று இறந்தார். ஜூன் 9 அன்று லூயிவில்லின் ஃப்ரீடம் ஹாலில் ஜனாஸா தொழுகை நடந்தது. தொழில்முறை வீரராக அவர் முதல் சண்டை போட்டதும் அதே அரங்கில்தான். மறுநாள் நடந்த நினைவுக் கூட்டத்தில் முன்னாள் அதிபர் கிளின்டன் வரை பலர் புகழ்ந்து பேசினார்கள். ஜனாஸா தொழுகையில் புகழுரைக்கு இடம் கிடையாது. நான்கு தக்பீர், நின்றபடியே பிரார்த்தனை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஊர் பேர் தெரியாத கூலித் தொழிலாளி இறந்தாலும் அதே தொழுகைதான்.