மலைப் பிள்ளையும் வளரும்



சேர்வராயன் மலையில் குழந்தைகளைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் ஒரு வாக்கியம் வந்து விழும்: "மலைப் புள்ளைங்க சின்னதாத்தானுங்க இருக்கும்." பாட்டி சொல்வார், தோட்டத்து மேஸ்திரி சொல்வார், நாலெழுத்து படித்தவர்களும் சொல்வார்கள். அப்பனும் ஆத்தாளும் குட்டை, பிள்ளை மட்டும் எப்படி வளர்த்தியாக வரும் என்று ஒரு நியாயமும் கூடவே வரும்.

இந்தப் பேச்சை ஒத்துக்கொள்ளாத ஒருவரை இந்த மாதம் உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன். ஏற்காடு ஒன்றியத்தில் ஒரு மலைக் கிராமத்தின் அங்கன்வாடிப் பணியாளர் அவர். ஊருக்கு அவர் பால்வாடி டீச்சர். பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். காரணத்தையும் சொன்னார்: "எங்க ஊர்ல எந்தப் புள்ள எடை குறைச்சல்னு எல்லாருக்கும் தெரியும் சார். ஊர்ப் பேரு புஸ்தகத்துல வந்தா அந்த அம்மாவுக்குத்தான் தலகுனிவு. நாளைக்கு நான் அவங்க வீட்டு வாசல்ல போய் நிக்கணும்." இந்தப் பதிலிலேயே அவரைப் பற்றிப் பாதி புரிந்துவிட்டது எனக்கு.

ஏற்காடு என்றால் நம்மில் பலருக்கு ஏரி, லேடீஸ் சீட், மே மாத மலர்க் கண்காட்சி, இருபது கொண்டை ஊசி வளைவுகள். அதைத் தாண்டி நாகலூர், வாழவந்தி, மாரமங்கலம், செம்மநத்தம், தலைச்சோலை என்று விரியும் மலையில்தான் பெரும்பாலான சனம் வாழ்கிறது. மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் அவை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்ட காப்பிச் செடி, இன்று இங்கே பாதி வீடுகளின் நேரத்தைத் தீர்மானிக்கிறது. கார்த்திகையில் பழம் சிவந்தால் அம்மாக்கள் விடிந்ததும் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். திரும்ப வர இருட்டும். அதுவரை கைக்குழந்தைக்கு யார் ஊட்டுவது? பாட்டி ஊட்டலாம், ஏழு வயது அக்கா ஊட்டலாம். ஊட்டாமலும் போகலாம். டீச்சரின் வேலை தொடங்குவது இந்த இடத்தில்தான்.

மாதத்தில் ஒரு நாள் எடை போடும் நாள். நான் போனபோது ஒன்றேகால் வயதுப் பையன் ஒருவனை அளந்துகொண்டிருந்தார்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையை நிற்க வைத்து அளக்கக் கூடாது. பலகையில் படுக்க வைத்துத்தான் அளக்க வேண்டும். ஆயா தலைமாட்டில் உட்கார்ந்து இரண்டு காதையும் சேர்த்துத் தலையைப் பிடித்துக்கொண்டார். உச்சந்தலை மேல்கட்டையைத் தொட வேண்டும். டீச்சர் இடது உள்ளங்கையால் இரண்டு முழங்கால்களையும் மெல்ல அழுத்தி, வலது கையால் கீழ்க்கட்டையைப் பாதத்தோடு ஒட்ட நகர்த்தினார். பையன் வீறிட்டான், முதுகை வளைத்தான், காலை மடக்கினான். டீச்சர் கையை எடுத்துவிட்டு, அவன் அம்மாவைப் பக்கத்தில் வந்து முகம் காட்டச் சொன்னார். மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் தடவைதான் அளவு திருப்தியாக வந்தது.

"ஒரு சென்டிமீட்டர்தானே, போட்டுட்டுப் போலாமேன்னு தோணும். ஆனா அந்த ஒரு சென்டிமீட்டர்ல புள்ள ஒரு கோட்டுக்குக் கீழ போயிரும், இல்ல மேல வந்துரும். நான் தப்பா மேல தூக்கி வெச்சுட்டா அப்புறம் யாரும் அவனப் பாக்க மாட்டாங்க." அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். கோடு என்று அவர் சொன்னது வளர்ச்சி வரைபடத்துக் கோட்டை.

அடுத்தது எடை. அதன் பிறகு மேல் கையைச் சுற்றி ஒரு நாடா. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம் அதில் இருக்கும். கைச் சுற்றளவு பன்னிரண்டரை சென்டிமீட்டருக்குக் கீழே போனால் மஞ்சள், பதினொன்றரைக்குக் கீழே போனால் சிவப்பு. சிவப்பு வந்தால் அன்றைக்கே கிராம சுகாதார செவிலியருக்குத் தகவல் போக வேண்டும். தேவைப்பட்டால் மலை இறங்கிச் சேலம் பெரியாஸ்பத்திரி. மஞ்சள்தான் டீச்சருக்குத் தூக்கம் கெடுக்கும் நிறம். மஞ்சளில் இருக்கிற பிள்ளை ஓடும், சிரிக்கும், விளையாடும். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மாதம் விட்டுவிட்டால் ஒரு வயிற்றுப்போக்கோ ஒரு காய்ச்சலோ சிவப்புக்கு இறக்கிவிடும்.

இந்த இடத்தில் சேலத்துக்காரர் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இந்தியாவின் ஊட்டச்சத்து அறிவியலைக் கட்டியெழுப்பியவர்களில் முதன்மையானவரான டாக்டர் சி. கோபாலன், 1918 நவம்பரில் சேலத்தில் பிறந்தவர். அதே 1918-இல்தான் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் சின்னதாக ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார். அதுதான் வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. அதற்குத் தலைமை தாங்கினார் கோபாலன். பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கும். அரசுப் பொறுப்புகள் முடிந்ததும் வீட்டில் உட்காராமல், லாப நோக்கில்லாத 'நியூட்ரிஷன் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியா'வை டெல்லியில் தொடங்கினார். நூறு வயது நிறைந்து 2019-இல் மறைந்தார். அவர் பிறந்த மாவட்டத்தில் அவர் பெயரை எத்தனை பள்ளிப் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு மனசு சங்கடப்படுகிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஒருவர் ஒரு கருத்தை முன்வைத்தார். ஏழை நாட்டுப் பிள்ளைகள் சின்னதாக இருந்தாலும் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறார்கள், குறைந்த சாப்பாட்டுக்கு ஏற்றபடி உடம்பு தன்னைச் சுருக்கிக்கொள்கிறது, இதில் கவலைப்பட ஒன்றுமில்லை என்பது சாரம். அரசாங்கங்களுக்கு வசதியான கருத்து. பட்டினிக் கணக்கை ஒரே நாளில் குறைத்துவிடலாம் அல்லவா! கோபாலன் 1983-இல் தம் அமைப்பின் இதழிலேயே இதைக் கடுமையாக மறுத்து எழுதினார். வசதியுள்ளவன் வீட்டுப் பிள்ளைக்கு ஓர் அளவுகோல், ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வேறோர் அளவுகோலா என்பதுதான் அவர் கேள்வி. "மலைப் புள்ளைங்க சின்னதாத்தானுங்க இருக்கும்" என்ற பேச்சுக்கும் அந்த அமெரிக்கக் கருத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பின்னாளில் உலக சுகாதார நிறுவனமும் இதைச் சோதித்துப் பார்த்தது. 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் எட்டாயிரத்துக்கும் அதிகமான குழந்தைகளை அளந்தார்கள். தாய்ப்பாலும் சரியான சாப்பாடும் சுத்தமான சூழலும் கிடைத்த பிள்ளைகள் ஐந்து வயது வரை ஏறத்தாழ ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள், எந்த நாடானாலும். 2006-இல் வெளியான அந்த வளர்ச்சி வரைபடம்தான் இன்று ஏற்காட்டு அங்கன்வாடியிலும் பயன்படுகிறது. நார்வே பிள்ளைக்கு எந்தக் கோடோ அதே கோடுதான் நம் மலைப் பிள்ளைக்கும். அம்மா சிறுவயதில் பட்டினி கிடந்திருந்தால் அதன் தழும்பு பிள்ளையின் உயரத்திலும் கொஞ்சம் தெரியும். ஒரு தலைமுறையில் முழுசாகத் தீராது. அதற்காகக் கோட்டை இறக்கி வரைய முடியாது.

சரி, பிள்ளைக்கு என்ன கொடுப்பது? நம் டீச்சர் இதில்தான் கெட்டிக்காரர். அந்தப் பையனின் அம்மாவோடு அவர் பேசியது இது:

"ராத்திரி என்ன குடுத்த கண்ணு?"

"களிதான் டீச்சர், கரைச்சு."

"எவ்ளோ தண்ணி ஊத்திக் கரைச்ச?"

"நல்லா தண்ணியாத்தான். அப்பத்தான எறங்கும்."

"அங்கதாம்மா தப்பு."

எட்டு கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கால் லிட்டர் கொள்ளும். அதற்கு மேல் கொள்ளாது. அந்தக் கால் லிட்டரும் நீர்க்கக் கரைத்த களியாக இருந்தால் வயிறு நிரம்பும், பிள்ளை தூங்கும், உடம்பு மட்டும் ஏறாது. அம்மா ஊட்டாமல் இல்லை, பிள்ளை சாப்பிடாமலும் இல்லை. ஆனாலும் எடை நின்றுபோகும். கரண்டியைச் சாய்த்தால் வழியாத பதத்தில் களியைப் பிசைந்து, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, கீரையோ பருப்போ சேர்த்து, நாளொன்றுக்கு நாலைந்து வேளையாகக் கொடுக்கச் சொன்னார் டீச்சர். ஒரு ஸ்பூன் எண்ணெயில் கிட்டத்தட்ட 45 கலோரி இருக்கிறது. கேழ்வரகை முளைகட்டி வறுத்து அரைத்தால், குறைந்த தண்ணீரிலேயே மாவு இளகிவிடும். கெட்டியாகவும் இருக்கும், தொண்டையிலும் இறங்கும். அங்கன்வாடியில் கொடுக்கிற சத்துமாவிலும் முளைகட்டிய கேழ்வரகு சேர்வது இதனால்தான்.

அந்த அம்மாவின் முந்தானையில் பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் ஒன்று இருந்தது. டீச்சர் அதைப் பார்த்தார். திட்டவில்லை. "இந்தப் பத்து ரூபாய்க்கு ஒரு முட்டை வாங்கிரு" என்று மட்டும் சொன்னார். தெருக்கோடிக் கடையில் முட்டை விலை என்ன என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அறுபதுகளில் உலகமே புரதப் பற்றாக்குறை என்று பேசி, விலையுயர்ந்த புரத மாவுகளைத் தேடிக்கொண்டிருந்தபோது கோபாலனும் அவர் சகாக்களும் நம் குழந்தைகளின் தட்டையே அளந்து பார்த்தார்கள். முதல் குறை சாப்பாட்டின் அளவில் இருக்கிறது, வீட்டில் உள்ள உணவையே வயிறார, போதுமான அளவு கொடுத்தால் புரதக் குறையும் பெரும்பாலும் தீர்ந்துவிடும் என்றார்கள். இந்திய உணவுகளின் சத்துகளைப் பட்டியலிட்ட அவர்களுடைய புகழ்பெற்ற நூலில், நூறு கிராம் கேழ்வரகில் 344 மில்லிகிராம் கால்சியம் என்று இருக்கும். அந்த அளவுக்குப் பக்கத்தில் வர அரிசியாலும் முடியாது, கோதுமையாலும் முடியாது. சேர்வராயன் மலைச் சரிவில் காலங்காலமாக விளைந்த தானியம் அது. கூடவே சாமையும் தினையும் விளைந்தன. காப்பியும் மிளகும் காசு கொடுத்ததால் சிறுதானியக் கொல்லைகள் சுருங்கிவிட்டன. அது தனியாக ஒரு கட்டுரைக்கான விஷயம்.

பிள்ளைகளுக்குச் சோறு போடுவதில் தமிழ்நாட்டுக்கு நூறாண்டுப் பெருமை உண்டு. 1920-இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளி, 1956-இல் காமராஜர், 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 1989-இல் கலைஞர் சேர்த்த முட்டை, 2022-இல் காலை உணவு. எல்லாமே பள்ளிக்கோ பால்வாடிக்கோ நடந்து வரக்கூடிய பிள்ளைக்கானவை. தட்டு இருக்கும் இடத்துக்குத் தானாக வர முடியாத, இரண்டு வயதுக்குள் உள்ள பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம். அதை உணர்ந்து 1980-இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் ஒரு திட்டம் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் கூடுதல் உணவு கொடுத்து, ஏறியதும் நிறுத்துவார்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்று உலகம் முழுக்கப் பேசப்பட்டது அதுதான். உள்ளூர்ப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்ததுதான் அதன் வெற்றி. நம் டீச்சர் அந்தப் பெண்களின் வாரிசு.

இருந்தும் 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 25 பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. நாலில் ஒரு பிள்ளை! இவ்வளவு செய்த மாநிலத்தில் இது எனக்குப் பெரிய எண்ணாகவே படுகிறது.

மாநிலத்தில் ஐம்பத்து நாலாயிரத்துக்கு மேல் அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் இப்படி ஒரு பெண்தான் தாங்குகிறார். பாட்டும் கதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும், சமையலை மேற்பார்க்க வேண்டும், கர்ப்பிணிகளைப் பார்க்க வேண்டும், வீடுவீடாகப் போக வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், அதையே செல்போன் செயலியிலும் ஏற்ற வேண்டும். மலையில் டவர் கிடைக்கும் மேட்டுக்கு ஏறி நின்று சாயங்காலம் அதைச் செய்கிறார். இவ்வளவுக்கும் நாட்டின் பல பகுதிகளில் இவர்களுக்குத் தருவது மதிப்பூதியம்தான். 2022 ஏப்ரலில், குஜராத்திலிருந்து போன வழக்கில், அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர்களை முழு அரசு ஊழியர்களாக ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு பிள்ளையின் முதல் ஆயிரம் நாளைப் பார்த்துக்கொள்கிறவரின் வேலையைத் தொண்டு என்று சொல்லிக் கூலியைக் குறைப்பது நியாயமாகாது.

கிளம்பும்போது, மலையில் வேறு என்ன வேண்டும் என்று டீச்சரிடம் கேட்டேன். பழம் பறிக்கும் மாதங்களில் மையத்தைக் காலை ஏழு மணிக்கே திறக்க அனுமதியும், அதற்கு இன்னொரு ஆயாவும் வேண்டும் என்றார். தனக்கென்று எதுவும் கேட்கவில்லை.

வாசகர்களே, உங்கள் தெருவிலும் ஒரு பால்வாடி டீச்சர் இருப்பார். ஒரு நாள் போய்ப் பேசிப் பாருங்கள். அவர் எடையைத் தேற்றிய ஒரு பிள்ளையின் கதையைக் கேட்டு, பிள்ளையின் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, என்ன கொடுத்தார், எத்தனை மாதமாயிற்று, அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைத்தார் என்று விவரமாக எழுதி அனுப்புங்கள். வருகிற இதழ்களில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்