ஆறாயிரம் பேரை அடக்கப் பட்டாளம்!

1969 மார்ச் 19. கரீபியன் கடலில் உள்ள அங்குவிலா என்ற சின்னஞ்சிறு தீவு. பொழுது புலரும் வேளையில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் அங்கே வந்து நின்றன. முந்நூறுக்கு மேற்பட்ட பாராசூட் துருப்புகள் கரையில் இறங்கின. கூடவே லண்டன் போலீசாரும் வந்தனர். தீவின் மொத்த ஜனத்தொகையே சுமார் 6,000 தான். சண்டை நடக்கவில்லை. சண்டை போட அந்த ஏழை ஜனங்களிடம் சேனை ஏது?

அவர்கள் செய்த குற்றம்தான் என்ன? "எங்களைக் கேட்காமல் எங்களை யாரோடும் முடிச்சுப் போடாதே" என்றார்கள். அவ்வளவுதான்!

1825-லேயே லண்டன் எஜமானர்கள் அங்குவிலாவை, சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செயின்ட் கிட்ஸ் தீவோடு சேர்த்துக் கட்டினார்கள். செயின்ட் கிட்ஸ் கரும்புத் தோட்டங்கள் நிறைந்த தீவு. சர்க்கரை முதலாளிகளுக்குப் பணம் காய்ச்சி மரம். அங்குவிலாவோ வறண்ட பூமி. மீன் பிடித்தும், உப்பு வாரியும், அயல் தேசங்களுக்குக் கரும்பு வெட்டப் போயும் அந்த ஜனங்கள் வயிறு கழுவினார்கள். லாபம் தராத மண்ணுக்குத் தனி நிர்வாகச் செலவு எதற்கு? இதுதான் ஏகாதிபத்தியத்தின் கணக்கு! இந்த இணைப்பு வேண்டாமென்று 1872-ல் தீவு மக்கள் மனுப் போட்டார்கள். பலன் இல்லை.

காலனிகள் கையை விட்டு நழுவிய காலம் வந்தது. 1958-ல் பத்துத் தீவுப் பகுதிகளை ஒரே சமஷ்டியாக்கினார்கள். 1962-ல் அது உடைந்தது. ஜமைக்காவும் டிரினிடாடும் சுதந்திரம் பெற்றன. மிஞ்சிய சிறு தீவுகளை என்ன செய்வது? 1967-ல் "இணைந்த ராஜ்யம்" என்று புதிய ஏற்பாடு செய்தார்கள். உள்நாட்டு விவகாரம் உள்ளூர் மந்திரிகளுக்கு. பாதுகாப்பும் வெளிநாட்டு உறவும் லண்டனுக்கு! மின்சாரமும் நல்ல ரோடும் இல்லாத அங்குவிலா மறுபடியும் செயின்ட் கிட்ஸின் தலைமையில் தள்ளப்பட்டது.

ஜனங்கள் பொறுக்கவில்லை. 1967 மே மாதம் செயின்ட் கிட்ஸ் போலீசாரைத் தீவை விட்டு வெளியேற்றினார்கள். ஜூலையில் வாக்கெடுத்தார்கள். பிரிந்து போவதற்கு ஆதரவு 1,813, எதிர்ப்பு 5.

இங்கே தொழிலாளர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. செயின்ட் கிட்ஸின் பிரதம மந்திரி ராபர்ட் பிராட்ஷா சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர்; தொழிற்சங்கத்தின் தலைவராகி, 1948-ல் கரும்புத் தொழிலாளரின் பெரும் வேலைநிறுத்தத்தை நடத்தியவர். அப்படிப்பட்டவரே, சக ஏழைகளோடு பேசித் தீர்க்க வேண்டிய இடத்தில், பிரிட்டிஷ் பட்டாளத்தைக் கேட்டார்! எஜமானன் போட்ட எல்லையைத் தன் எல்லையாக ஏற்றவன், அதைக் காக்க எஜமானனின் தடியையும் ஏந்தத்தான் வேண்டியிருக்கிறது. அனுப்பியதும் யார்? தொழிலாளர் பெயரால் ஆட்சி நடத்திய வில்சன் சர்க்கார்!

"அங்குவிலா ஜனங்கள் பிரிட்டனின் நேரடி ஆட்சியைத்தானே கேட்டார்கள்?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான், முதலில் கேட்டார்கள். பக்கத்து அதிகாரியின் பாரத்தை விடத் தூரத்து எஜமானனின் பாரம் லேசாகத் தோன்றியது. இது ஏகாதிபத்தியத்தின் மேல் வைத்த அன்பல்ல. அது உண்டாக்கிய வறுமையின் விளைவு. மன்றாடிப் பயனில்லை என்று கண்டதும், 1969 பிப்ரவரியில் குடியரசுக்கே வாக்களித்தார்கள். அடுத்த மாதம் பட்டாளம் வந்தது. பிறகுதான் ராணுவ எஞ்சினியர்கள் ரோடு போட்டார்கள். 144 ஆண்டு மனுக்களுக்குக் கிடைக்காத ரோடு, கலகம் செய்த பிறகு கிடைத்தது!

1980-ல் அங்குவிலா முறைப்படி தனியே பிரிந்தது. ஆனால் இன்றும் அது பிரிட்டனின் பிரதேசமே. கவர்னர் லண்டனிலிருந்து நியமிக்கப்படுகிறார். ஐக்கிய நாடுகள் சபையின் சுயாட்சி பெறாத பிரதேசங்களின் பட்டியலில் அதன் பெயர் நீடிக்கிறது. இன்னொரு பிரிட்டிஷ் பிரதேசமான டர்க்ஸ்-கைகோஸ் தீவுகளைப் பாருங்கள்! மந்திரிகளின் ஊழலைக் காட்டி, 2009-ல் அங்கே மக்கள் தேர்ந்தெடுத்த சட்டசபையையே நிறுத்தி வைத்தார்கள். தவறு செய்த மந்திரிகளைத் தண்டிக்கட்டும். ஜனங்களின் வாக்குரிமையை ஏன் பறிக்க வேண்டும்? 2012 வரை கவர்னரே ராஜா!

தீவு சிறியது என்பதால் உரிமையும் சிறியதாகி விடுமா? எல்லை போடுகிறவன் யார், அந்த மண்ணில் உழைக்கிறவனைக் கேட்டானா என்பதே கேள்வி. அவனைக் கேட்காமல் வரைந்த கோடு எதுவானாலும், அதைக் காக்கக் கடைசியில் பட்டாளம்தான் தேவைப்படும். அங்குவிலா சொல்லும் பாடம் இதுவே!