மேடையில் மின்னுது பட்டு. தறிக்காரருக்கு என்ன மிச்சம்?

விளக்கு பளீரென்று அடிக்கிறது. பட்டுப் புடவை கட்டிய பெண்கள் வரிசையாக நடந்து வருகிறார்கள். கடைசியில் டிசைனர் மேடைக்கு வந்து கும்பிடு போடுகிறார். கைதட்டல்!

என்ன பட்டு என்று கேட்டால் "காஞ்சீவரம்" என்று டக்கென்று சொல்வார்கள். யார் நெய்தது என்று கேட்டுப் பாருங்கள். தலையைச் சொறிவார்கள்.

2000-ல் டெல்லியில் ஆரம்பித்த ஃபேஷன் வாரம், இன்று ஊருக்கு ஊர் வந்துவிட்டது. கைத்தறி தினம் என்றாலும் மேடை, கல்லூரி விழா என்றாலும் மேடை. பிள்ளையார்பாளையத்தில் சொந்தத் தறி வைத்து, சொந்தமாக டிசைன் போடும் இளைஞர்களுக்கும் இப்போது அழைப்பு வருகிறது. "வாங்க, உங்க புடவையை உலகமே பார்க்கும்" என்று ஆசை காட்டுகிறார்கள்.

உலகம் பார்க்கட்டும். வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே!

சாதாரணப் பட்டுப் புடவைக்கே பத்துப் பதினைந்து நாள் ஆகும். கோர்வை போட்டு, புட்டா நிறைய வைத்தால் மாதம் ஒன்று ஓடிவிடும். கோர்வைத் தறியில் ஒருத்தர் மட்டும் உட்கார்ந்து ஒன்றும் செய்ய முடியாது. மூன்று நாடா ஓட வேண்டும், பக்கத்தில் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். புது டிசைன் என்றால் கட்டம் போட்ட தாளில் வரைந்து, அட்டை அடித்து, ஜாக்கார்டில் ஏற்ற வேண்டும். அத்தனை செலவும் சொந்தத் தறிக்காரர் கையில் இருந்துதான்.

இன்னொரு சங்கதி. காஞ்சிபுரத்தில் ஒரு பாவு ஓட்டினால் மூன்று புடவை. மேடைக்கு ஒன்று போகும். அதே நிறத்தில் மீதி இரண்டு வீட்டில் இருக்கும். வாங்க ஆள் வந்தால் லாபம். வராவிட்டால் பட்டும் ஜரிகையும் பெட்டியில் தூங்கும், வட்டி மட்டும் தூங்காது.

மேடை ஏறியதால் பட்டு விற்றதே இல்லையா? விற்றிருக்கிறது. சென்னை சபா மேடைகளைக் கேளுங்கள்! காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு என்று நெய்வித்துக் கொடுத்த நீலத்துக்கு "எம்.எஸ். ப்ளூ" என்றே பெயர் வந்துவிட்டது. கச்சேரி கேட்கப் போன பெண்கள் கடைக்குப் போய் அந்த நிறம்தான் வேணும் என்று நின்றார்கள். அதே மாதிரி ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவில் தறி போட்டு, பழைய காஞ்சிப் புடவைகளின் அமைப்பை மீட்டு எடுத்தார். நடன மேடையில் பார்த்தவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் அதையே தேடினார்கள்.

ரெண்டும் ஒரு நாள் கூத்து அல்ல. வருஷக்கணக்கில் மக்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. வாங்கக் கூடியவர்களே எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

1953-ஐயும் மறக்கக் கூடாது. கைத்தறித் துணி தேங்கி நெசவாளர் வீட்டில் அடுப்பு எரியாத நேரம். காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாவும் அவரது கட்சிக்காரர்களும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாக விற்றார்கள். அன்றைக்கு அதுதான் ஃபேஷன் ஷோ! கட்சி எதுவாக இருந்தாலும், துணி கைமாறியது, காசு வந்தது.

வெளிநாட்டு உதாரணம் வேண்டுமா? வங்கதேசத்தின் பீபி ரஸ்ஸல், மாடலாக இருந்தவர். 1996-ல் யுனெஸ்கோ ஆதரவில் தன் நாட்டு நெசவாளர் துணிகளைப் பாரீஸில் மேடை ஏற்றினார். ஆனால் நெசவாளரோடு சேர்ந்து வேலை செய்ய அதற்கு முந்தின வருஷமே ஒரு நிறுவனத்தைத் தொடங்கிவிட்டார். முதலில் கடை, பிறகு விளம்பரம். நம் ஊரில் விளம்பரம் மட்டும் நடக்கிறது!

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து காப்பி. மேடையில் புடவை நடந்து முடிவதற்குள் நூறு செல்போனில் படம் ஏறிவிடும். அதே டிசைன் விசைத்தறியில், வேறு நூலில், பாதி விலைக்கும் கீழே கடைக்கு வந்துவிடும். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-லேயே புவிசார் குறியீடு வாங்கியாச்சே என்று சிலர் கேட்கலாம். அது ஊர்ப் பெயரைக் காப்பாற்றும். புதுசாகப் போட்ட டிசைனைக் காப்பாற்றாது.

அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. 2000-ஆம் வருஷத்து டிசைன்ஸ் சட்டம். புது டிசைனைப் பதிவு செய்தால் முதலில் பத்து வருஷம், பிறகு ஐந்து வருஷம் உரிமை. ஆனால் ஒரு முட்டுக்கட்டை. பதிவுக்கு மனுப் போடும் முன்பே ஊருக்குக் காட்டிவிட்டால் அது "புதுசு" இல்லை என்று ஆகிவிடும். மத்திய அரசு அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதிலும் முன்கூட்டியே தகவல் கொடுத்திருக்க வேண்டும், ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும்.

ஆக, கைதட்டல் வாங்கப் போன நெசவாளி, தன் உரிமையை அந்த மேடையிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறுகிறார்! அழைப்பு அனுப்புகிறவர்கள் இதை அவரிடம் சொல்வதே கிடையாது. அன்னமும் யாழியும் மல்லிமொக்கும் ஊர்ச் சொத்து, அதை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் ராத்திரி விளக்கில் உட்கார்ந்து அவர் புதுசாகச் சேர்த்த அமைப்பு அவருடையதுதானே?

மனுப் போடத் தனி நபருக்குக் கட்டணம் 1,000 ரூபாய். ஒரு பட்டுப் புடவையின் ஜரிகைச் செலவில் பக்கத்தில்கூட வராது. காஞ்சிபுரத்திலேயே நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. மேடைக்குப் போகும் டிசைன் ஒவ்வொன்றுக்கும் அங்கேயே மனு எழுதிக் கொடுக்க ஓர் ஆளைப் போட்டால் என்ன குடி முழுகிவிடும்?

மேடை போடுகிறவர்களும் சும்மா கூப்பிடக் கூடாது. தறியை விட்டு வரும் நாட்களுக்குக் கூலி, பஸ் செலவு, காட்டிய புடவைக்கு விலை. இதை முன்பணமாகக் கொடுக்கட்டும். டிசைனர் பெயரை மைக்கில் சொல்லும்போது நெய்தவர் பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும். வாய் வலித்துவிடாது. கோ-ஆப்டெக்ஸ் புடவையோடு நெய்தவர் படத்தையும் வைத்துக் கொடுத்ததே!

இதற்கெல்லாம் சரி என்றால் தறிக்காரர் தாராளமாகப் போகலாம். இல்லை என்றால் அந்த நாலு நாளில் காந்தி ரோட்டிலோ கண்காட்சியிலோ நேராக நாலு புடவை விற்பது மேல்.

ஆகஸ்ட் 7-ந் தேதி தேசியக் கைத்தறி தினம். 2015 முதல் வருஷா வருஷம் வருகிறது. அடுத்த மேடைக்கு அழைப்பிதழ் அச்சடிக்கும் முன், எத்தனை டிசைனுக்கு மனுப் போட்டாச்சு என்ற பட்டியலைக் கைத்தறித் துறை அதிகாரிகள் வெளியிடட்டும்.